கடற்கரையில் மூன்று நாள்



சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி பூசைக்குச் சொல்ல வந்தார்கள். விவாகமாகி 25 வருஷம் நிறைவாகிறது; அதற்கு நன்றியறிதலாக ஒரு பூசை வேண்டும் என்றார்கள். தேதியைக் குறித்துக்கொண்டேன். அதன்பிறகும் அவர்கள் போகவில்லை. மனைவி கணவரைப் பார்த்தாள், அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சுவாமி, சனி ஞாயிறோட திங்களும் சேர்ந்து லீவு வருது. நாங்க ரெண்டு பேர் மட்டும் மணப்பாடு போய் மூணு நாள் இருந்துட்டு வரலாம்னு நினைக்கிறோம். தப்பு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

தப்பா என்று கேட்டாரே, அதுதான் எனக்கு வியப்பாயிருந்தது. ஐம்பது பேர் சேர்ந்து வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பிள்ளையின் புதுநன்மைக்குக் கடன் வாங்கி ஊருக்கே விருந்து வைக்கிறவரும் கேட்பதில்லை. தேவ பீடத்தின் முன் கைப்பிடித்த சொந்த மனைவியோடு தனியே மூன்று நாள் கடற்கரையில் தங்குவதற்குத்தான் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கூச்சம்!

வீட்டில் எதிர்ப்பும் இல்லாமலில்லை. மண்டபம் பிடித்து, வாசலில் பிளக்ஸ் கட்டி, முந்நூறு பேருக்குப் பிரியாணி போடவேண்டும் என்பது உறவினரின் யோசனை. "இந்த வயசுல ரெண்டு பேரும் ஊர் சுத்தப் போறாங்களாம்" என்று ஒரு சின்னம்மா சிரித்தாளாம். கணவரின் தாயார் ஒருத்திதான், எண்பது வயதுக் கிழவி, "போயிட்டு வாங்க. எனக்குக் கஞ்சி வச்சுக்கத் தெரியும்" என்று சொன்னவள். இந்தக் கட்டுரையை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம்.

பிரியமானவர்களே, சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். அர்ச். மாற்கு சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர்கள் ஊர் ஊராய்ப் போதித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களுமாய் ஜனக்கூட்டம். சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரமில்லை. அப்போது நமதாண்டவர் அவர்களை இன்னும் உழைக்கும்படி ஏவவில்லை. தனிமையான ஓர் இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாற அழைத்தார். படகேறிப் போனார்கள். அந்த இளைப்பாறுதல் முழுதாய்க் கிடைக்கவுமில்லை: ஜனங்கள் கரையோரமாய் ஓடி, முந்திப் போய் அங்கே காத்து நின்றார்கள். கடற்கரைக்குப் போயும் வீட்டிலிருந்து பத்து முறை செல்பேசி அழைப்பு வந்து அல்லற்படுகிறவர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. ஆனாலும் அழைப்பு அழைப்புத்தான். வேலையை விட்டு ஒதுங்கி இருங்கள் என்று சொன்னவர் சர்வேசுரனுடைய சுதன்.

பழைய ஏற்பாட்டில் இன்னும் வெளிப்படையாகவே ஒரு சட்டம் இருக்கிறது. உபாகமம் 24-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனம்: புதிதாய் விவாகம் செய்தவன் யுத்தத்துக்குப் போகவேண்டியதில்லை, பொதுக்காரியம் எதையும் அவன்மேல் சுமத்தக்கூடாது, ஒரு வருஷம் தன் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தவேண்டும். சேனைக்கு ஆள் வேண்டியிருந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் இது. மனைவியைச் சந்தோஷப்படுத்துவது வேலை தீர்ந்தபின் மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளும் காரியம் என்று அந்தச் சட்டம் கருதவில்லை. ஒரு வருஷம் முழுவதும் அதற்கென்றே ஒதுக்கிற்று. நாம் மூன்று நாளுக்குத் தயங்குகிறோம்.

அர்ச். இராயப்பர் விவாகமானவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய மாமியாரின் காய்ச்சலை ஆண்டவர் குணமாக்கினார். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 9-ஆம் அதிகாரத்தில், மற்ற அப்போஸ்தலர்களும் கேபா என்ற இராயப்பரும் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு பிரயாணம் செய்ததைக் குறிப்பிடுகிறார். பழைய உரைகாரர் சிலர் அந்த வசனத்துக்கு வேறு பொருள் சொன்னதுண்டு; இக்காலத்து மொழிபெயர்ப்புகளில் மனைவி என்றே இருக்கிறது. திருச்சபையின் முதல் பாப்பரசர் வீட்டுக்காரியை வீட்டில் விட்டுவிட்டு ஊர் சுற்றவில்லை.

இதெல்லாம் சொல்லி, "தாராளமாய்ப் போய்வாருங்கள்" என்றேன். ஒன்றை மாத்திரம் அழுத்திச் சொன்னேன். மற்ற தேவதிரவிய அனுமானங்களைக் குருவானவரோ மேற்றிராணியாரோ கொடுக்கிறார்கள். அவசரத்தில் ஞானஸ்நானம் எவரும் கொடுக்கலாம். நமது லத்தீன் ரீதியில் மெய்விவாகத்தைக் கொடுப்பவர்களோ மணமகனும் மணமகளுமே. குரு அங்கே திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டு வாங்குகிற சாட்சி. ஆகவே 25 வருஷத்துக்கு முன் இவளுக்கு அந்த இஷ்டப்பிரசாதத்தைக் கொடுத்த கை உம்முடைய கை. உமக்குக் கொடுத்தது இவளுடைய கை. கொடுத்தவர்களே பிறகு அதை வருஷக்கணக்காய்த் தொடாமல் வைத்திருந்தால், என்னைப்போன்ற சுவாமியார் பூசை வைத்து என்ன செய்யமுடியும்?

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

அவர்கள் போன ஊரைப்பற்றி இரண்டு வார்த்தை. மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. கடலை நோக்கி நீண்டு நிற்கும் ஒரு குன்று. அதன்மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோவில். குன்றின் பக்கத்தில், அலை அடிக்கும் திசையைப் பார்த்த ஒரு குகை. 1540-ல் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்த ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவன், கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டான் என்றும், அந்தச் சிலுவைதான் இந்தக் கோவிலுக்கு மூலம் என்றும் அவ்வூரார் தலைமுறையாய்ச் சொல்லிவருகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1542-ல், அர்ச். பிராஞ்சிஸ்கு சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அந்தக் குகையில் அவர் தங்கி ஜெபித்தார் என்பது ஐதீகம்.

சவேரியார் 1544-ல் மணப்பாட்டிலிருந்து எழுதிய சில கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கூட உழைத்த பிராஞ்சிஸ்கு மன்சீலாஸ் என்பவருக்கு எழுதினவை. நல்ல மனுஷன் மன்சீலாஸ். ஆனால் சீக்கிரம் சலிப்படைகிறவர், ஜனங்கள்மேல் எரிச்சல் கொள்கிறவர். சவேரியார் அவருக்கு மேலும் மேலும் எழுதுவது பொறுமையைப்பற்றித்தான்: பலவீனரைத் தாங்கிக்கொள்ளும், அன்பினால் நடத்தும் என்று. கடல் கடந்து புதுமை செய்ய வந்த அர்ச்சியசிஷ்டவருக்குத் தன் பக்கத்தில் இருந்த ஒரு தோழனின் குணத்தோடு மல்லுக்கட்டுவதே நித்திய வேலையாயிருந்தது. விவாகமானவர்களுக்கு இதில் ஆறுதல் உண்டு என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கடமையைப்பற்றியும் சொல்லியாகவேண்டும். விடுமுறைக்குப் போகிறவர்கள் முதலில் மறப்பது அதைத்தான். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, சனிக்கிழமை மாலையில் பூசை கண்டாலும் ஞாயிற்றுக்கிழமைக் கடமை நிறைவேறிவிடும். கடற்கரையூர்களில் கோவிலுக்கா பஞ்சம்? அறைக்குப் பதிவு செய்யும்போதே பூசை நேரத்தையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஆண்களுக்கு. கடற்கரை என்றாலே போத்தலை நினைக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். குடித்துவிட்டு அலையில் இறங்கிப் பிணமாய்க் கரை சேர்ந்தவர்களைப்பற்றி வருஷந்தோறும் வாசிக்கிறோம். மனைவியைக் கொண்டாட அழைத்துப்போய் அவளைக் காவற்காரியாக்குவது கொண்டாட்டமாகாது.

கடல் நமக்கு வேடிக்கை. அக்கரையோரத்து ஜனங்களுக்கு அதுவே வயல், அதுவே சில சமயம் கல்லறை. 2017-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. சரீரம்கூடக் கிடைக்காமல், இன்று வருவார் நாளை வருவார் என்று மனைவிமார் கரையில் காத்திருந்தார்கள். மணப்பாட்டில் நம்முடைய தம்பதி இதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் சனிக்கிழமை விடியுமுன் கரை சேர்ந்து, மதியத்துக்குமேல் ஊர் திரும்பும் பேருந்துக்கும் காத்திராமல் வெயிலிலேயே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரையும் அவர் மனைவியையும் பார்த்திருக்கிறார்கள். இருவரும் ஒரே வலையின் இரண்டு முனையில் உட்கார்ந்து, ஏதோ ஒன்றைப்பற்றிச் சளைக்காமல் வாதாடிக்கொண்டே சிக்கெடுத்தார்களாம். "அவங்க சண்டை போட்டாங்க சுவாமி. ஆனா பேசிக்கிட்டே இருந்தாங்க" என்று மனைவி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அக்கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் இன்னும் இருக்கிறது. நமக்கு மூன்று நாள் ஓய்வு. அவர்களுக்கு அந்த ஒரே நாள். அதையும் ஆண்டவருக்கென்று வைத்திருக்கிறார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் முழுவதும் இருவருக்கும் பேச்சே வரவில்லையாம். வீட்டில் பேச என்ன இருந்தது? கேஸ் தீர்ந்துவிட்டதா, பையனுக்குப் பணம் கட்டியாயிற்றா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கினீர்களா. இந்தக் கேள்விகளெல்லாம் ஊரிலேயே தங்கிவிட்டன. கடலுக்கு முன்னால் உட்கார்ந்தால், இருபத்தைந்து வருஷமாய்ப் பக்கத்தில் படுத்திருந்த மனுஷரிடம் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. அவர் எழுந்து போய் வேர்க்கடலை வாங்கி வந்தார். அவள் செல்பேசியில் மகள் அனுப்பிய படத்தைப் பார்த்தாள். இப்படியே பொழுது போயிற்று. ஏன் வந்தோம் என்றிருந்தது என்று இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

ஞாயிறு காலை பூசை கண்டு நன்மை வாங்கினார்கள். சாயங்காலம் குன்றின் அடியில், கூட்டம் கலைந்தபிறகு உட்கார்ந்திருந்தபோது, அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்கப்பா அடக்கத்துக்கு நீங்க வரலை."

அது நடந்து 11 வருஷம். மாமனார் வீட்டை மகனுக்கு மாத்திரம் எழுதிவைத்தார் என்று மருமகனுக்கு மனஸ்தாபம். சாவுச் செய்தி வந்தபோது, மில்லில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி மனைவியையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் இரவுப் பேருந்தில் ஏற்றிவிட்டு, தாம் வீட்டிலேயே இருந்துவிட்டார். பதினொரு வருஷத்தில் அவள் ஒரு தடவையும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. சமைத்தாள், தைத்தாள், ஜெபமாலை சொன்னாள், வருஷாவருஷம் தகப்பனாருக்குப் பூசை வைத்தாள். ஊரார் கண்ணுக்கு ஒற்றுமையான குடும்பம். என் கண்ணுக்கும் அப்படித்தான்.

அவர் உடனே, "மில்லுல அன்னைக்கு லீவு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "லீவு நான் கேக்கவே இல்லை. கோவத்துல வரலை. தப்பு என்மேலதான்மா."

"லீவு கேக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேச்சு. அவள் அழுதாள், அவரும் அழுதார் என்று கேள்வி. இருட்டிய பிறகு அறைக்குப் போனார்கள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை எந்தப் பேருந்தில் போவது என்பதில் வழக்கம்போலச் சண்டையும் போட்டார்கள்.

வாசகர்களே, நம் வீடுகளில் இப்படிப்பட்ட ஒரு வாக்கியம் எத்தனை பேர் நெஞ்சில் கிடக்கிறது? சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிற குடும்பங்களுக்காக நான் அதிகம் பயப்படுவதில்லை. சத்தமே கேட்காத வீடுகளுக்காகத்தான் பயப்படுகிறேன். 2025-ல் காலமான பாப்பரசர் பிரான்சிஸ், 2016-ல் குடும்பங்களுக்காக வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற மடலில், வீட்டுக்குள் அவசியமான மூன்று பேச்சுகளை எடுத்துச் சொல்லியிருக்கிறார்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. நம் ஆண்மக்கள் முதல் இரண்டையாவது வெளியாரிடம் பழகியிருக்கிறார்கள். மூன்றாவதை மனைவியிடம் சொல்வது குடும்பத் தலைவனுக்கு இழுக்கு என்று எண்ணுகிறார்கள். பாவசங்கீர்த்தனத்தொட்டியில் முழங்காலிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கும் நீங்கள், யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவளிடம் கேளாமல் வீடு திரும்புவது எப்படி நியாயமாகும்?

"பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு ஓர் அர்ச்சியசிஷ்டத் தம்பதியைக் காட்டுகிறேன். குழந்தை தெரேசம்மாளின் பெற்றோர் லூயி மார்ட்டினும் செலியும். 2015-ஆம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி இருவரும் ஒன்றாய் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார்கள். லூயி கடிகாரம் செய்கிறவர். செலி லேஸ் பின்னல் வியாபாரம் நடத்தியவள். 1858 ஜூலை 13-ந் தேதி பிரான்சு தேசத்து அலான்சோன் நகரில் நடுநிசியில் அவர்களுக்கு விவாகம் நடந்தது. அன்றைக்கே முதற்பிரயாணமாக எங்கே போனார்கள் தெரியுமா? லெமான் நகரத்துக் கன்னியர் மடத்துக்கு, செலியின் அக்காவைப் பார்க்க. தானும் கன்னிகையாக விரும்பி, ஏற்றுக்கொள்ளப்படாமல் திரும்பியவள் செலி. மடத்துக் கம்பிக்கு அப்பால் அக்காவைக் கண்டதும் துக்கம் தாளாமல் அன்றெல்லாம் அழுதாள். புதுமாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. அவள் மனதைப் புரிந்துகொண்டு தேற்றினார். பிற்காலத்தில் மகளுக்கு எழுதிய கடிதத்தில் செலி இதை நன்றியோடு நினைத்திருக்கிறாள்.

ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். நான்கு பேர் சிறுவயதிலேயே மாண்டார்கள். 1877-ல் மார்பகப் புற்றுநோயால் செலி இறந்தபோது அவளுக்கு வயது 45. விவாகமாகி 19 வருஷமே. அதற்குப்பின் லூயி தம் சிறு மகள் தெரேசம்மாளைத் துரூவில் என்ற ஊருக்கு அழைத்துப்போய் முதன்முதலாய்க் கடலைக் காட்டினார். அந்தக் கடலின் மகத்துவத்தையும், அஸ்தமன சூரியன் அலைமேல் போட்ட பொன்வழியையும் அவள் தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறாள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். அவர் மனைவி இல்லை. இவர்கள் ஒருவருக்கொருவர் குறை வைக்காமல் வாழ்ந்தவர்கள். அப்படி இருந்தும் 25-ஆம் வருஷம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கடற்கரைக்குப் போகப் பணமில்லாதவர்கள் மனம் வருந்தவேண்டாம். மொட்டைமாடியில் ஒரு பாய் போதும். செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஏறுங்கள். கைம்பெண்களும் மனைவியை இழந்தவர்களும் இதை வாசிக்கும்போது நெஞ்சு நோகும் என்று அறிவேன். சொல்லாமல் விட்டதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். சென்றவர்களும் அவர் சமுகத்தில்தான் இருக்கிறார்கள்.

நம் தம்பதி திங்கட்கிழமை திரும்பும் வழியில் நேரே வீட்டுக்கு வரவில்லை. அவள் பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பெருவழியில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அவர்தான் மெழுகுதிரி வாங்கினார். காற்றில் இரண்டு முறை அணைந்து மூன்றாம் முறை எரிந்ததாம். மாமனாரின் கல்லறை முன் அவர் முழங்காலிட்டு ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னார். மைத்துனர் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அங்கே போகவில்லை. "அதுக்கு இன்னும் மனசு வரலை சுவாமி" என்றார் என்னிடம், ஒளிக்காமல்.

மணப்பாட்டுக்குப் பக்கத்திலுள்ள உடன்குடியில் கருப்பட்டி வாங்கியிருந்தார்கள், இரண்டு பொட்டலமாக. ஒன்றைத் தாயாரிடம் கொடுத்தார்கள்; கிழவி முகர்ந்து பார்த்து, நல்ல சரக்குத்தான் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். மற்றது மைத்துனருக்கென்று வாங்கியது. அவள் கேளாமல் அவரே வாங்கினார். அது இன்னும் அவர்கள் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. மழை பிடித்தால் இளகிவிடும், அதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று சென்ற ஞாயிறு பூசை முடிந்து போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.